மழைக்குள் பார்த்த வீடு

பழைய வீட்டைத் திருத்த முப்பத்து நான்கு இலட்சம் ஆகும் என்று போன வாரம் மேசன் ரதீஸ் பாஸ் சொன்னார். பர்ஸானாவின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. அதை அவள் குடிக்கவில்லை. ஆறிப்போனதை வாழை மரத்தடியில் ஊற்றினாள்.

பர்ஸானாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இர்ஷானாவுக்குக் கலியாணம் முடிந்தபோது, காத்தான்குடி வழக்கப்படி இருந்த வீடு அவளுக்குப் போனது. பர்ஸானாவும் இளையவள் அஸீமாவும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு, அதே வளவின் பின்னால் கிடந்த பழைய அடுப்படிக் குசினிக்குள் குடிபோனார்கள். இந்த ஊரில் அதை யாரும் பெரிய விஷயமாகப் பேச மாட்டார்கள். மகளுக்கு வீடு, உம்மாவுக்குப் பின்பக்கம். அவ்வளவுதான்.

இப்போது அஸீமாவின் முறை. இஷாமோடு கலியாணப் பதிவான காவின் எழுதி ஆறு மாதம் ஆகிறது. ஃப்ரிட்ஜும் ஏசியும் திருத்துகிற பையன், நல்ல உழைப்பாளி. "எனக்கு வீடு ஒண்டும் வேணாம் மாமி, வாடகைக்கு எடுப்பம்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். பர்ஸானா காதிலேயே விழுத்தவில்லை. பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை வந்த பிறகுதான் மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டும். அதுவரை இஷாம் அவனுடைய உம்மா வீட்டில், அஸீமா இந்தக் குசினியில்.

அப்படித் தேடிக் கிடைத்ததுதான் வாவிக் கரைப் பக்கம், கைறுன்னிஸாவின் பழைய ஓட்டு வீடு. விலை பேசி முடிந்துவிட்டது. விலையைக் கொடுத்த பிறகு திருத்த வேலைக்கென்று இருபத்தைந்து இலட்சம் நிற்கும். அதில் பதினைந்து பேங்கில் இருக்கிறது. மீதிப் பத்தைக் கட்டாரில் லொறி ஓட்டும் அவள் புருஷன் நளீர் வருகிற வருஷம் முழுக்க மாதம் மாதம் அனுப்புவதாக ஏற்பாடு.

இருபத்தைந்து எங்கே, முப்பத்து நான்கு எங்கே.

இன்றைக்கு மஃரிபுக்கு முன், பொழுது சாய்வதற்குள், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு ஏறாவூர்ப் பார்ட்டிக்குப் போய்விடும். கைறுன்னிஸாவின் புருஷன் முத்தலிப், துணிக்கடைக்காரர், அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலையில் வானம் கறுத்தது.

பர்ஸானா கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது, அஸீமா அபாயா போட்டு ஷோலும் சுற்றி ரெடியாக நின்றாள். வேலைக்குத்தான் போகிறாள் என்று உம்மா நினைத்தாள். ஹாட்வெயார் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. சீமெந்து, பெயின்ட், ஆணி எல்லாவற்றின் விலையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

"இண்டைக்கு லீவு சொல்லிட்டன்" என்றாள் அஸீமா. "உம்மா, நீங்களும் அபாயாவப் போடுங்க. வீடு பாக்கப் போவம்."

"மூணு தரம் பாத்தாச்சே. இன்னும் என்னத்தப் பாக்கப் போற?"

"மழைக்குள்ள பாக்கல்லயே."

பர்ஸானா துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "உனக்கு என்னகா புடிச்சிரிக்கி? வானம் பொத்துக்கிட்டு ஊத்தப் போகுது. மனிசர் வெளிலயிரிந்து வீட்டுக்குள்ள ஓடி வாற நேரம்."

"அதுக்குத்தான் போற. யோசிச்சுப் பாருங்க. அவங்க ஒவ்வொரு நாளும் எத்தன மணிக்கு எங்களக் கூப்பிட்டாங்க?"

பர்ஸானா யோசித்தாள். ஒவ்வொரு தரமும் அஸர் தொழுதுவிட்டுத்தான் போனார்கள். இந்த ஊரில் வாவிப் பக்க வீட்டை யாரும் வேறு நேரத்தில் காட்டுவதில்லை. வெயில் தாழும், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியிலிருந்து ஆத்துக் காத்து சில்லென்று வரும், தண்ணீர் தங்கமாக மின்னும். விறாந்தையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும், வாங்க வந்தவர் சுவரைப் பார்க்க மறந்துவிடுவார். பர்ஸானாவும் மறந்தாள். ரதீஸ் பாஸும் அந்த நேரத்தில்தான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து எஸ்டிமேட் எழுதினார். அவரோ மறப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் கூட்டிப் போட்டுவிட்டார்.

"கூரைக்கு மட்டும் பன்னெண்டு லட்சம் போட்டிருக்காரு" என்றாள் அஸீமா. "உண்மையா ஒழுகுதா எண்டு ஆரு பாத்த? மழை வந்தாத்தானே தெரியும். இந்த வருஷத்து முத மழை உம்மா. எங்களுக்கெண்டே வருது."

பர்ஸானா அபாயாவை எடுத்தாள். குடையைத் தேடினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நான்கு வாளிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டாள்.

"வாளி என்னத்துக்கு?"

"ஒழுகினா வெக்கிறத்துக்கு. நான் சும்மா பாத்துக்கிட்டு நிப்பனா?"

ஓட்டோவில் போகும்போதே அஸீமா இரண்டு பேருக்குப் போன் எடுத்தாள். இஷாம் ஏணியோடு வருவதாகச் சொன்னான். ரதீஸ் பாஸ் ஆரையம்பதியில், அங்கே முன்கூட்டியே பிடித்த மழைக்கு ஒரு கடைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்.

"தங்கச்சி, மழைக்க வேல செய்யச் சொல்லிக் கேட்ட ஆள் இதுவரைக்கும் இல்ல" என்றார்.

"வேல இல்ல பாஸ். வந்து நின்டு பாத்தாப் போதும்."

"நனையிறத்துக்குக் கூலி தனி."

"சுடச்சுடப் ப்ளேன்டி தாறன்."

"சரி, வாறன்."

சாவி வாங்கப் போன இடத்தில் கைறுன்னிஸா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே அவளும் முத்தலிப்பும் கட்டிய புது வீடு. மண் போட்டு நிரவி, உயர்த்தி, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்து, கேட்டுக்குத் தங்க நிறப் பூச்சு.

"என்னகா பர்ஸானா, வாளியும் கையுமா? தண்ணிக்கு வந்தீங்களா?"

"ஓம் ராத்தா. உங்கட வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி இரிக்கி எண்டு அளக்க வந்த."

கைறுன்னிஸாவுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே சாவியைக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்கினாள்.

அவர்கள் உள்ளே கால் வைத்ததும் மழை இறங்கியது. சும்மா மழையல்ல. ஓட்டின் மேல் யாரோ மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டுவது போல.

இருவரும் ஹோலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஓட்டைத் தாங்கும் மர வளைகளில் கறுப்புக் கறுப்பாகக் கறை. எல்லாம் ஒழுகின அடையாளம் என்றுதான் ரதீஸ் பாஸ் சொல்லியிருந்தார். பர்ஸானா கறைக்கு ஒன்றாக வாளிகளை வைத்தாள்.

நின்றார்கள். மழை இன்னும் பலத்தது. வாளிகள் காய்ந்தபடி இருந்தன.

"அந்த அறையப் போய்ப் பாருங்க உம்மா."

"ஒரு சொட்டும் இல்ல."

"மத்த அறை?"

"இல்லகா. புழுதிதான் இரிக்கி."

அஸீமா முன் விறாந்தைக்கு ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவினாள். காய்ந்த சுவர். அடுத்த சுவரையும் தடவினாள்.

குசினிப் பக்கம் போனபோதுதான் சத்தம் வந்தது. பெரிய வீட்டின் கூரையும் குசினிக் கூரையும் சேருகிற மூலையில், கூரைத் தண்ணியை வடிக்கிற பீலி போகிற இடத்தில், தண்ணீர் திறந்த பைப் போலக் கொட்டிக்கொண்டிருந்தது. பர்ஸானா நான்கு வாளிகளையும் அங்கே தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்று நிறைய அடுத்ததை வைத்தாள்.

இஷாம் ஏணியைத் தோளில் வைத்தபடி நனைந்து வந்தான். பின்னாலேயே ரதீஸ் பாஸ், தலையில் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

"மாமி, எங்க ஒழுகுது?" என்றான் இஷாம்.

"ஒழுகுது எண்டு சொல்லாத மகன். ஹோலும் அறையும் ஒழுகல்ல எண்டு சொல்லு."

ரதீஸ் பாஸ் ஏணியை ஹோலில் சாத்தி ஏறினார். வளையைக் கையால் தட்டினார். சாவியால் சுரண்டிப் பார்த்தார். குசினி மூலையிலும் ஏறினார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கறையெல்லாம் பழசு அக்கா. எப்பவோ ஓட்டக் கழட்டித் திருப்பிப் போட்டிருக்காங்க. வளை முழுக்க முதிரை, வைரம் பாஞ்ச மரம். குசினி மூலையில மட்டும் ரெண்டு முனை உக்கியிருக்கு. பீலிதான் வில்லன்."

"அப்ப பன்னெண்டு லட்சம்?" என்றாள் அஸீமா.

"அது வெயிலுக்க போட்ட கணக்கு."

"மழைக்கணக்கு என்ன பாஸ்?"

அவர் பீலியைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "புதுப் பீலி, ரெண்டு மரம், கொஞ்சம் ஓடு. ரெண்டு லட்சத்துக்க முடிச்சிருவன்."

அஸீமாவுக்குக் கணக்குப் போடத் தேவைப்படவில்லை. பத்து இலட்சம் மழையோடு போய்விட்டது. முப்பத்து நான்கு இருபத்து நான்காகி நின்றது. கையில் இருபத்தைந்து.

பர்ஸானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு வாளி விளிம்பிலேயே உட்காரப் போனாள். இஷாம் பிடித்துக்கொண்டான். அஸீமா போனை எடுத்துக் கட்டாரிலிருக்கிற வாப்பாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டாள். மழைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினாள். "வாப்பா, கூரை நல்லாரிக்கி. கூரை ஒழுகல்ல. கேக்குதா உங்களுக்கு?"

அப்போதுதான் ரதீஸ் பாஸ் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் செருப்பக் கழட்டி இஞ்சதானே வெச்ச?"

செருப்பு ஒன்று ஹோலின் நடுவில் மெதுவாக மிதந்து வந்துகொண்டிருந்தது.

பின்கதவின் அடியால் தண்ணீர் வந்தது. சேற்று நிறம். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், தன் வீட்டுக்கு வருகிற ஆளைப் போல உள்ளே வந்தது. இஷாம் கதவைத் திறந்து பார்த்தான். பின் வளவு முழுக்கக் குளம்.

"இதுவும் வெயிலுக்க தெரியல்ல" என்றார் ரதீஸ் பாஸ்.

எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. இந்த வீடு கட்டிய காலத்தில் இதுதான் மேடு. பிறகு சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மண் போட்டு உயர்த்தினார்கள். முன்னால் போகிற ஒழுங்கைக்குக் கொங்ரீட் போட்டதில் அதுவும் உயர்ந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிவிட்டது.

"நிலத்த ஒரு அடி ஒசத்தணும்" என்றார் ரதீஸ் பாஸ். "மண் நிரப்பி, கொங்ரீட் போட்டு. ஆறு லட்சம் போகும்."

"அவ்வளவுதானா?" பர்ஸானா பயந்தபடி கேட்டாள்.

"அவ்வளவோட விட்டா நல்லம். தம்பி, இஞ்ச வாங்க. அந்தப் பெட்டியில ஏறி வாசல்ல நில்லுங்க."

மூலையில் கிடந்த சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். இஷாம் அதில் ஏறிக் கதவு நிலைக்குள் போகப் பார்த்தான். டொக் என்று சத்தம் கேட்டது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"நிலம் ஒசந்தா வாசல் கட்டையாகிரும்" என்றார் ரதீஸ் பாஸ். "எல்லா நிலையும் கழட்டி மேல ஏத்தணும். யன்னலும்தான். அது ஒரு நாலு."

"மாப்பிள்ளைய மாத்தினா எவ்வளவு குறையும் பாஸ்?" என்றாள் அஸீமா.

இஷாம் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தான். "காவின் எழுதியாச்சு. கழட்டி மாத்தேலாது."

பர்ஸானாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்கு சிரிக்கவில்லை. ஆறும் நாலும் பத்து. காலையில் விட்ட முப்பத்து நாலிலேயே மறுபடி வந்து நிற்கிறார்கள். பள்ளிவாசலில் மத்தியான ளுஹர் பாங்கு சொன்னது. மஃரிபுக்கு இன்னும் அரைநாள்தான்.

ரதீஸ் பாஸ் மிதந்துவந்த செருப்பை எடுத்துத் தண்ணீரை வடித்தார்.

பர்ஸானா குடையை விரித்தாள்.

"எங்க உம்மா?"

"இந்தத் தண்ணி எங்கயிரிந்து வருது எண்டு பாத்திட்டு வாறன். கூரைய மழைக்குள்ள பாத்தம். இதையும் பாப்பம்."

அபாயாவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் வளவுக்குள் இறங்கினாள். தண்ணீர் ஓடுகிற திசைக்கு எதிராக நடந்தாள். மதிலோரமாகப் போனதும் தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

கைறுன்னிஸாவின் மாடி வீட்டுக் கூரையிலிருந்து இறங்கிய பெரிய பைப் மதிலுக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முழுக் கூரையின் மழையும் அதற்குள்ளால் இங்கே கொட்டியது. போதாததற்கு இன்டர்லொக் முற்றத்துத் தண்ணீரும் மதிலின் அடியால் வடிந்து வந்தது.

பர்ஸானா மதிலோரமாக நடந்து வளவின் கடைசி வரைக்கும் போனாள். மதிலுக்கு அப்பால், கைறுன்னிஸாவின் பின் முற்றத்தையும் தாண்டி, பின் ஒழுங்கை தெரிந்தது. அதில் ஒரு வடிகால் கான், வாவிப் பக்கம் பார்த்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான் நல்ல தாழ்வு. இங்கே நிற்கிற தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் இடையில் கைறுன்னிஸாவின் பின் முற்றம் கிடந்தது.

அவள் அப்படியே தங்க நிற கேட்டைத் தட்டினாள்.

"ராத்தா, கொஞ்சம் இறங்கி வாங்க."

"விலைய அவருகிட்டப் பேசுகா" என்றாள் கைறுன்னிஸா வாசலில் வந்து நின்று. "கடைக்குப் போன் எடு. நான் அதுக்குள்ள வரமாட்டன்."

"விலை பேச வரல்ல. அந்த வீடு ஆருட?"

"என்னட. எங்கட உம்மா எனக்குத் தந்த."

"அப்ப உங்களத்தானே கூப்பிடணும். வந்து பாருங்க, உங்கட உம்மா தந்த வீட்டுக்குள்ள செருப்பு தோணி விடுது."

கைறுன்னிஸா முகம் சுருங்கினாள். புது வீட்டுக்கு ஏறிய பிறகு மழை நாளில் அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. மழை பெய்தால் மாடிக் கதவைச் சாத்திவிடுவாள். குடையைப் பிடித்துக்கொண்டு பர்ஸானாவோடு வந்தாள். ஹோல் வாசலில் நின்றாள். கணுக்கால் தண்ணீரில் நான்கு வாளிகளும் ஒரு சோடாப் பெட்டியும் நின்றன.

"இதுக்குள்ளயா தண்ணி வருது?" என்றாள். "எங்கட உம்மா இரிக்கக்குள்ள விறாந்தப் படிக்குக்கூட வராதே."

"உம்மா இரிக்கக்குள்ள உங்கட மாடி இல்லயே ராத்தா" என்றாள் பர்ஸானா.

கைறுன்னிஸா பின்வாசலுக்குப் போனாள். மதிலுக்கு மேலால் கொட்டுகிற தன் வீட்டுப் பைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன செய்யணும்?" என்றாள் கடைசியில்.

அஸீமா முன்னால் வந்தாள். "விலை குறைக்க வேணாம் மாமி. இந்தப் பைப்ப உங்கட பக்கம் திருப்புங்க. மத்தது, உங்கட பின் முற்றத்துக்குக் கீழால கானுக்கு ஒரு பைப் போக விடுங்க. மதில் ஓரமாத்தான். அட்வான்ஸ் எழுதக்குள்ள அதையும் சேத்து எழுதணும்."

"இன்டர்லொக்கக் கிளப்புவீங்களா?"

"கிளப்பித் திருப்பி வெப்பம்."

"அவரு சண்ட புடிப்பாரு. ஒவ்வொரு கல்லயும் நின்டு எண்ணி வெச்ச மனிசன்."

"ஒரு கல்லு உடஞ்சா நான் வாங்கித் தாறன்" என்றார் ரதீஸ் பாஸ். "எழுதித் தரட்டா?"

கைறுன்னிஸா போனை எடுத்தாள். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், கடைக்கு எடுத்தாள். முத்தலிப்பின் சத்தம் வெளியேயும் கேட்டது. ஏறாவூர், கல்லு, செலவு என்று துண்டு துண்டாக வந்தது.

"ஓம். ஓம். கேக்குது" என்றாள் கைறுன்னிஸா. "உங்கட்டக் கேக்கல்ல. சொல்றன். என்னட வீடு, என்னட உம்மாட வீடு. அதுக்குள்ள எங்கட தண்ணிய ஊத்திட்டு அதுக்கு வெலையும் வாங்கச் சொல்றீங்களா? ஏறாவூர் ஆக்களுக்கு வேற வீடு கிடைக்கும். நீங்க வரக்குள்ள ஒரு மண்வெட்டி வாங்கிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு ரதீஸ் பாஸைப் பார்த்தாள். "ஒரு கல்லும் உடையக் கூடா."

பைப்புக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரு இலட்சத்துக்குள் முடியும் என்றார் ரதீஸ் பாஸ். நிலத்தை உயர்த்த வேண்டாம், நிலைகளைக் கழட்ட வேண்டாம், மாப்பிள்ளையை மாற்றவும் வேண்டாம். இருபத்து நாலும் ஒன்றும் இருபத்தைந்து.

பர்ஸானாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நனைந்த ஷோல் நுனியால் முகத்தைத் துடைத்தாள். முகம் இன்னும் நனைந்தது.

மழை கொஞ்சம் விட்டதும் விறாந்தைப் படியில் உட்கார்ந்து ப்ளேன்டி குடித்தார்கள். கைறுன்னிஸா பனங்கட்டியும் அனுப்பியிருந்தாள். அஸீமா எஸ்டிமேட் தாளை ரதீஸ் பாஸிடம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாஸ், ஹோல் சீலிங் வேணாம். வெட்டுங்க."

பர்ஸானா திரும்பினாள். "என்னத்துக்கு?"

"டைல்ஸும் வேணாம். சீமெந்து நிலத்துக்கு ரெட் ஒக்சைட் போடலாம். புது கேட்டும் வேணாம், பழசுக்குப் பெயின்ட் அடிப்பம்."

"உனக்கு மண்ட கழண்டு போச்சா? மாப்பிள்ள வீட்டு ஆக்கள் வந்து பாக்கக்குள்ள சீலிங் இல்லாம அண்ணாந்து பாத்தா ஓடு தெரியும்."

"முதிரை வளை தெரியும் மாமி" என்றான் இஷாம். "எங்கட உம்மாக்கு நான் சொல்லிட்டன்."

இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று பர்ஸானாவுக்கு அப்போதுதான் பட்டது. "என்ன விளையாட்டு இது?"

"வெட்டினதெல்லாம் சேத்தா அஞ்சு லட்சம் கிட்ட வருது" என்றாள் அஸீமா. அவள் ரதீஸ் பாஸைப் பார்த்துத்தான் பேசினாள். "அதுக்கு, குசினிக்குப் பக்கத்துல ஒரு அறை போடுங்க பாஸ். பாத்ரூமோட. தையல் மெஷின் வெக்க இடம் விட்டு."

"ஆருக்கு?" என்றாள் பர்ஸானா.

அஸீமா உம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்னத்துக்குகா அறை? இர்ஷானாட குசினி இரிக்கே."

"குசினி குசினிதான் உம்மா. நீங்க படுத்தா கால் மெஷின்ல முட்டுது. ஒரு மகளுக்கு வீட்டக் குடுத்திட்டுப் பின்னால போனீங்க. இந்த வீட்டுல பின்னால போக நான் விடமாட்டன். கட்டக்குள்ளயே உங்கட அறையோடதான் கட்டுவன். இல்லாட்டி எனக்கு இந்த வீடு வேணாம்."

பர்ஸானா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் உம்மாமார் இப்படியொரு பேச்சுக்குப் பழக்கப்பட்டவர்கள் அல்ல. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"யன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"ஆத்துப் பக்கம்."

பர்ஸானா கோப்பையை உயர்த்தினாள். ஒரு வாய் குடித்தாள். தேத்தண்ணி நல்ல சூடாக இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு முத்தலிப் வந்தார். கையில் மண்வெட்டி இல்லை. ஆனால் முகத்தில் சண்டையும் இல்லை. அட்வான்ஸ் துண்டுக் கடதாசியில் வீட்டு விலையோடு பைப் போகிற வழியும் எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்டவள் கைறுன்னிஸா. வானம் வெளுத்து, வழக்கமான நேரத்துக்கு ஆத்துக் காத்து வந்தது. இப்போது அது யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையில்லாமல் சும்மா வீசியது.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால்தான் நளீரின் வொய்ஸ் வந்தது. காலையிலிருந்து மகள் அனுப்பிய எல்லாவற்றையும் வேலை முடிந்து வந்து ஒன்றாகக் கேட்டிருக்கிறார் போல. அஸீமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள்.

"மகள், கூரை விஷயம் கேட்டன், தண்ணி விஷயம் கேட்டன். சந்தோஷம். உம்மாட அறை பத்துக்குப் பத்து எண்டு சொல்ற. அது ரெண்டு பேருக்குக் காணாது."

பர்ஸானா போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பதினாறு வருஷம் லொறி ஓட்டினது போதும். கம்பனிக்குச் சொல்லிட்டன். ரெண்டு மாசத்துல வாறன், இன்ஷா அல்லாஹ், ஒரேயடியா. பர்ஸானா, உனக்கிட்ட முதல்ல சொல்லணும் எண்டுதான் நினைச்ச. உனக்கெண்டு ஒரு அறை எண்டு புள்ள சொன்னதும் வாயில வந்திட்டுது. அறையப் பெருசாக் கட்டச் சொல்லு."

வொய்ஸ் முடிந்தது. இஷாம் முகம் மலர்ந்து மாமியைப் பார்த்தான். பிறகு அஸீமாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேங்கில் பதினைந்து. வருகிற வருஷம் முழுக்க மாதம் மாதம் வரவேண்டிய பத்து, கட்டார்ச் சம்பளத்திலிருந்து வரவேண்டிய பத்து. அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. துண்டில் கையெழுத்து இன்னும் காயவில்லை.

"உம்மா" என்றாள் மெதுவாக. "வாப்பா வந்தா அந்தப் பத்து..."

ரதீஸ் பாஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அவருக்கு யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. இருட்டுவதற்குள் ஆரையம்பதி போகவேண்டும்.

"அக்கா, சொல்லுங்க. அறை எத்தின அடி போடட்டும்?"

பர்ஸானா மகள் பக்கம் திரும்பவில்லை. பின் வளவைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை. அதற்கப்பால், யன்னல் வரப்போகிற இடத்தில், வாவி கறுத்துக்கொண்டு வந்தது.

"பன்னெண்டு போடுங்க பாஸ்" என்றாள்.